35 பெண்கள், 5 குழந்தைகள், ஒரு டாக்டர்: சாவித்திரிபாய் பூலே வளர்த்த மகனின் கதை இன்று ஏன் முக்கியம்?

உங்களுக்கு 18 வயது முடிந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் கேக் வெட்டியிருப்பீர்கள். ஓட்டுரிமை வந்துவிட்டது, லைசென்ஸ் எடுக்கலாம் என்று நண்பர்கள் கலாய்த்திருப்பார்கள். மறுநாள் காலையில் அதே வீடு, அதே அம்மா, அதே காபி. எதுவும் மாறியிருக்காது.

அரசு இல்லத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ வளரும் ஒருவருக்கு அதே நாள் வேறு மாதிரி இருக்கும். 18 முடிந்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் அவர் குழந்தை இல்லை. இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். அடுத்த வாரம் எங்கே தங்குவது, கல்லூரிக் கட்டணம் யார் கட்டுவது, வாடகை ஒப்பந்தத்தில் உத்தரவாதம் சொல்லி யார் கையெழுத்துப் போடுவது? காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்வது?

இந்தக் கேள்விகளுக்குச் சட்டமும் அரசாணையும் வருவதற்கு நூறு வருடங்களுக்கும் முன்பே, புனேவில் ஒரு பெண் தன் வீட்டுக்குள்ளேயே பதில் தேடிக்கொண்டிருந்தார். பெயர் சாவித்திரிபாய் பூலே. பெண்களுக்கான பள்ளிக்கூடம் திறந்த ஆசிரியை என்று அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாடப்புத்தகத்தில் அந்த ஒரு பத்தியோடு அவரை முடித்துவிடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையின் இன்னொரு பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்: யாரும் வேண்டாம் என்று சொன்ன ஒரு குழந்தையை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, சொந்தக் காலில் நிற்கவைத்த வளர்ப்புத் தாயின் கதை.

யார் இந்த சாவித்திரிபாய்?

1831 ஜனவரி 3 அன்று, சாத்தாரா மாவட்டம் நாய்காவ் கிராமத்தில் பிறந்தார். 1840இல் ஜோதிராவ் பூலேவுடன் திருமணம். பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 13. அந்தக் காலத்தில் அது அதிசயம் கிடையாது. அதிசயம் அதன் பிறகுதான் நடந்தது: கணவர் மனைவிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

ஜோதிராவுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஜோதிராவே தாயில்லாப் பிள்ளை. அவருக்கு ஒரு வயது நிரம்பும் முன்னரே தாய் சிம்னாபாய் இறந்துவிட்டார். அவரைத் தூக்கி வளர்த்தவர் சகுணாபாய் என்ற உறவுக்காரப் பெண், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரு மிஷனரி வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்ததால் அவருக்குப் படிப்பின் அருமை தெரிந்திருந்தது. அந்த அருமையைத் தான் வளர்த்த பிள்ளைக்கும் ஊட்டினார். ஆக, பூலே குடும்பத்தின் கதையே ஒரு வளர்ப்புத் தாயிடமிருந்துதான் தொடங்குகிறது.

சாவித்திரிபாய் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1848இல் புனேவின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. அப்போது அவருக்கு 17 வயது. அவரோடு பணியாற்றியவர் ஃபாத்திமா ஷேக். தெருவில் நடந்துபோகும்போது மேலே சேறும் சாணமும் விழும். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். 1849இல் மாமனார் கோவிந்தராவ், ஊர் நெருக்குதல் தாங்காமல், இருவரையும் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். அப்போது சாவித்திரிபாய்க்கு 18 வயது.

18 வயதில் போக இடமில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அன்று கதவைத் திறந்துவிட்டவர் உஸ்மான் ஷேக் என்ற நண்பர்.

வீட்டுக்குள் ஓர் இல்லம்: 1863இல் என்ன நடந்தது?

1856லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தது, வீட்டுத் திண்ணைக்கு வரவில்லை. குழந்தைத் திருமணம் சகஜம் என்பதால், 12, 15 வயதிலேயே கணவரை இழந்த பெண்கள் ஏராளம். உயர்சாதி வீடுகளில் அவர்களுக்கு மறுமணம் கிடையாது, வெளியுலகமும் கிடையாது. வீட்டு ஆண்களிடமிருந்தும் அக்கம்பக்கத்து ஆண்களிடமிருந்தும் பாதுகாப்பு கிடையாது. கர்ப்பமானால் இரண்டே வழி. தற்கொலை, அல்லது பிறந்த குழந்தையை யாருக்கும் தெரியாமல் கொன்றுவிடுவது.

புனேவில் அப்படி ஒரு வழக்கு நடந்தது. ஜோதிராவின் நண்பர் கோவண்டேயின் வீட்டில் சமையல் வேலை பார்த்த காசிபாய் என்ற இளம் விதவை, பக்கத்தில் வசித்த ஒரு சாஸ்திரியால் ஏமாற்றப்பட்டுக் கர்ப்பமானார். பயத்தில் பிறந்த குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்டார். நீதிமன்றம் அவருக்கு அந்தமானில் ஆயுள் தண்டனை விதித்தது. ஏமாற்றிய ஆள் மீது ஒரு கீறல்கூட விழவில்லை.

இந்தத் தீர்ப்பு பூலே தம்பதியை உலுக்கியது. அதற்குப் பிறகுதான், 1863இல், தங்கள் வீட்டு வளாகத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினார்கள். நகரத்துச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். விதவைப் பெண்கள் ரகசியமாக வந்து பாதுகாப்பாகப் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையை எடுத்துப் போவதா விட்டுப் போவதா என்பது அவரவர் விருப்பம், விட்டுப் போனால் இல்லம் வளர்க்கும் என்பதுதான் அதன் சாரம்.

பிரசவம் பார்த்தது, பத்தியம் வைத்தது, குழந்தையைக் குளிப்பாட்டியது என்று அன்றாட வேலை முழுக்க சாவித்திரிபாய் தலையில்தான். அப்போது அவருக்கு 32 வயது. ஏறக்குறைய இப்போது உங்களில் பலருக்கு இருக்கிற வயது.

எண்கள் என்ன சொல்கின்றன?

இந்த இல்லத்தைப் பற்றி நமக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. 1884 டிசம்பரில் ஜோதிராவ் அரசுக்கு அனுப்பிய குறிப்பில் அது இருக்கிறது. அதுவரை இல்லத்துக்கு வந்து பிரசவித்த விதவைப் பெண்கள் 35 பேர். அந்தக் குழந்தைகளில் அன்று உயிரோடு இருந்தவர்கள் 5 பேர் மட்டும்.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 35இல் 30 குழந்தைகள் இறந்துவிட்டன. ஏழு குழந்தைகளில் ஒன்றுதான் பிழைத்திருக்கிறது. காரணத்தையும் ஜோதிராவே சொல்கிறார்: கர்ப்பத்தை மறைப்பதற்காகத் தாய்மார்கள் முன்பே உட்கொண்டிருந்த விஷ மருந்துகள் கருவிலேயே குழந்தைகளைச் சிதைத்துவிட்டன. அதாவது அந்தப் பெண்கள் இல்லத்தின் வாசலுக்கு வந்து சேருவதற்குள் பாதி தோல்வி நடந்து முடிந்திருந்தது.

ஒரு நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் இப்படி ஓர் எண்ணைப் போடத் தயங்கும். ஜோதிராவ் மறைக்காமல் அரசுக்கு எழுதி அனுப்பினார். சமூகம் செய்யும் கொலையின் அளவு என்ன என்பதற்கு அந்த 30தான் சாட்சி. 21 வருடங்களில் 35 பெண்கள் என்றால் வருடத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. வர முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

யஷ்வந்த் எப்படி வந்தார்?

பூலே தம்பதிக்குச் சொந்தக் குழந்தை பிறக்கவில்லை. இரண்டாம் கல்யாணம் செய்துகொள் என்று உறவுகள் ஜோதிராவை நச்சரித்தன. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இல்லத்துக்கு வந்த ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த ஆண் குழந்தையை 1874இல் இருவரும் தங்கள் மகனாக ஏற்றுக்கொண்டார்கள். யஷ்வந்த் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தையின் தொப்புள்கொடியை வெட்டியவரே சாவித்திரிபாய்தான் என்று குடும்ப ஆவணம் சொல்கிறது. 1884இல் உயிரோடு இருந்த அந்த ஐந்து பேரில் யஷ்வந்தும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு குழந்தையை எடுத்து வளர்ப்பது பெரிய மனசு, ஆனால் கதை அங்கே முடிவதில்லை. பூலே குடும்பம் மாலி சாதியைச் சேர்ந்தது. குழந்தையோ பிராமணப் பெண்ணுக்குப் பிறந்தது. அன்றைய இந்து சட்டப்படி தத்து எடுக்கப்படும் பிள்ளை ஒரே சாதியாக இருக்க வேண்டும். ஆக, வீட்டில் அவன் செல்லப்பிள்ளை, கோர்ட்டில் யாரோ ஒருவன். வளர்ப்புக் குழந்தைகளின் வாழ்க்கையில் இன்றும் பெரிய பிரச்சினை இதுதான். பாசம் இருக்கும், காகிதம் இருக்காது.

அதற்கு நடுவில் இன்னொரு பேரிடர் வந்தது. 1876-78 பஞ்சம். நம் ஊரில் பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அதேதான். சென்னை மாகாணத்தைப் புரட்டிப்போட்ட அதே பஞ்சம் பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டு பெற்றோர் பிழைப்பு தேடிப் போன காலம். 1873இல் ஜோதிராவ் தொடங்கிய சத்யசோதக் சமாஜ், 1877இல் புனேவை ஒட்டிய தன்கவடியில் பஞ்சத்தில் தவித்த குழந்தைகளுக்காக ஒரு ஆசிரமத்தை நடத்தியது. சாவித்திரிபாய் அதிலும் நின்றார். ஒரு குழந்தையின் தாய், பல குழந்தைகளுக்குச் சோறு போடுபவராக ஆனார்.

உயில்: ஒரு பிள்ளையின் எதிர்காலத்துக்கான திட்டம்

1887 ஜூலை 10 அன்று ஜோதிராவ் ஓர் உயிலைப் பதிவு செய்தார். யஷ்வந்துக்கு அப்போது ஏறக்குறைய 13 வயது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான்.

சொத்து யஷ்வந்துக்கு. அவனைப் படிக்கவைத்து ஆளாக்கும் பொறுப்பு சாவித்திரிபாய்க்கு. இவ்வளவு மட்டும் இருந்தால் சாதாரண உயில். ஜோதிராவ் ஒரு நிபந்தனையையும் சேர்த்தார். பையன் படிப்பில் கவனம் செலுத்தாமல் தறிகெட்டுப் போனால், ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த திறமையான வேறொரு பையனைத் தேர்ந்தெடுத்து அவனுக்குச் சொத்தைக் கொடுக்க வேண்டும்.

படிக்கும்போது கொஞ்சம் கறாராகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சட்டம் தன் மகனை மகன் என்று ஒப்புக்கொள்ளாது என்று தெரிந்த ஒரு தந்தை, தான் இல்லாத நாளில் அவனுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைக்கிறார். யார் பொறுப்பு, எதற்காகப் பணம், எது நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக. இன்றைய சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று கேட்கிறதே, அதன் பழைய வடிவம் இது.

முன்கூட்டியே எழுதிவைத்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த வருடம், 1888 ஜூலையில், ஜோதிராவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை செயலிழந்தது. இடது கையால் எழுதப் பழகி, தன் கடைசிப் புத்தகத்தை எழுதினார். வருமானம் சுருங்கியது. வீட்டு நிலைமையைப் பார்த்து நண்பர் மாமா பரமானந்த், 1890இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடுக்கு உதவி கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தில் அவர் கணவரைவிட மனைவியைத்தான் அதிகம் பாராட்டியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கல்யாணம்: அதிலும் ஒரு புதுமை

விதவைக்குப் பிறந்த பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? எதிர்பார்த்தபடியே பெண் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. கடைசியில் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்த ஞானோபா சாசனே தன் மகள் ராதாவைக் கொடுக்க முன்வந்தார். 1889 பிப்ரவரி 4 அன்று, புரோகிதர் இல்லாமல், சத்யசோதக் முறையில் திருமணம் நடந்தது.

அதற்கு முன்பே சாவித்திரிபாய் மருமகளைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து தங்கவைத்தார். பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று. அவள் படிக்க நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக வீட்டு வேலைகளைத் தானே செய்தார். மாமியார் வேலை பார்க்க, மருமகள் படிக்கிறாள். 1889இல்! நம் வீடுகளில் இன்றுகூட இதை நடத்திக் காட்டுங்கள், பார்க்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யஷ்வந்துக்கு அப்போது 15 வயதுதான். குழந்தைத் திருமணத்தின் கொடுமைகளை எதிர்த்தவர்கள் வீட்டிலேயே, இன்றைய சட்டப்படி குழந்தைத் திருமணம் என்று சொல்லத்தக்க ஒன்று நடந்திருக்கிறது. பெரிய மனிதர்களும் தங்கள் காலத்தின் ஏதோ ஒரு சுவருக்குள் நிற்கத்தான் செய்கிறார்கள். அந்தச் சுவருக்குள்ளேயும் அவர்கள் ஒரு ஜன்னலைத் திறந்தார்கள் என்பதுதான் விஷயம்.

கொள்ளிச் சட்டி யார் கையில்?

1890 நவம்பர் 28 அன்று ஜோதிராவ் இறந்தார். சவ ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் தகராறு.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொள்ளிச் சட்டி ஏந்துகிறவன்தான் வாரிசு. புனேயிலும் அதே வழக்கம்தான். யஷ்வந்த் சட்டியைத் தூக்கக்கூடாது, ரத்த உறவில் வந்தவர்கள்தான் தூக்க வேண்டும் என்று உறவினர்கள் மறித்தார்கள். பேச்சு இறுதிச் சடங்கைப் பற்றி. குறி சொத்தின் மீது. எடுத்து வளர்த்த பிள்ளைக்கு 16 வயதில், அப்பாவின் உடல் முன்னால், நீ யார் என்ற கேள்வி வந்து விழுந்தது.

சாவித்திரிபாய் அந்தச் சட்டியைத் தானே கையில் எடுத்தார். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தார். கணவரின் சிதைக்குத் தானே தீ மூட்டினார். பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போகக்கூடாது என்றிருந்த காலம் அது. ஒரே செயலில் இரண்டு கதவுகள் உடைந்தன. பெண்ணுக்கு இல்லை என்ற உரிமையை எடுத்துக்கொண்டார். மகனுக்கு இல்லை என்ற உரிமையை யாரும் பறிக்காமல் நடுவில் நின்றார்.

அடுத்த வருடம், 1891இல், ஜோதிராவ் இடது கையால் எழுதிமுடித்த அந்தப் புத்தகம் வெளிவந்தது. வெளியிட்டவர் யஷ்வந்த். மகன் யார் என்ற கேள்விக்கு அச்சில் வந்த பதில் அது.

பிறகு யஷ்வந்த் என்ன ஆனார்?

டாக்டர் ஆனார். ஜோதிராவ் போன பிறகு, பணம் தட்டுப்பாடான வீட்டில், சாவித்திரிபாய் படிப்பை நிறுத்தவிடவில்லை. அதே நேரத்தில் சத்யசோதக் சமாஜின் பொறுப்பையும் தோளில் போட்டுக்கொண்டார். 1893இல் சாஸ்வடில் நடந்த அதன் மாநாட்டுக்கு அவர்தான் தலைமை. யஷ்வந்த் மருத்துவம் முடித்து ராணுவத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறந்தபோது பிழைப்பானா என்று தெரியாத குழந்தை, இருபது வயதைத் தாண்டியதும் மற்றவர்களைப் பிழைக்கவைக்கும் இடத்துக்கு வந்துவிட்டான். நடுவில் துக்கமும் இருந்தது. மருமகள் ராதா 1895இல் இறந்துபோனார்.

1896இல் பம்பாயில் பிளேக் நுழைந்தது. 1897 தொடக்கத்தில் புனேவில் கொத்துக் கொத்தாகச் சாவு. அந்த பிப்ரவரியில்தான் பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொரோனா காலத்தில் 2020இல் தூசி தட்டி எடுத்தார்களே, அதே 1897 சட்டம்தான்.

சாவித்திரிபாய் மகனை வரச் சொன்னார். யஷ்வந்த் ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்தார். நகரத்துக்கு வெளியே, ஹடப்ஸர் பக்கம், சாசனே குடும்பத்து நிலத்தில் சிகிச்சை முகாம் போட்டார்கள். நீங்கள் புனேயில் வேலை பார்ப்பவராக இருந்தால் இந்த இடம் தெரிந்திருக்கும். மகர்பட்டா சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்பது அந்த ஹடப்ஸரில்தான்.

பக்கத்து முண்ட்வாவில், ஊருக்கு வெளியே இருந்த மஹர் குடியிருப்பில், பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்பவரின் மகனுக்கு நோய் கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. 66 வயதான சாவித்திரிபாய் போய், அந்தப் பையனை முதுகில் சுமந்து முகாமுக்குக் கொண்டுவந்தார். நோய் அவருக்கும் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இரவு உயிர் பிரிந்தது. ஊரார் பிள்ளையைத் தூக்கிச் சுமந்துதான் அவருடைய தாய்மை தொடங்கியது, அப்படியேதான் முடிந்தது.

சரி, இன்று நிலைமை என்ன?

சாவித்திரிபாய்க்கு அன்று சட்டம் துணை இல்லை. இன்று இருக்கிறது. சுருக்கமாகப் பார்ப்போம்.

இளைஞர் நீதிச் சட்டம், 2015. பெற்றோர் பராமரிப்பு கிடைக்காத குழந்தைகளை ஒரு குடும்பத்தில் வைத்து வளர்ப்பதற்கு இதன் 44ஆம் பிரிவு வழிசெய்கிறது. இதுதான் வளர்ப்புப் பராமரிப்பு. தத்து என்பது நிரந்தர உறவு, இது அரசின் மேற்பார்வையில் குறிப்பிட்ட காலத்துக்கானது. 2024இல் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, திருமணம் ஆகாதவர்கள், தனித்து வாழ்பவர்கள்கூட இப்படி வளர்க்க முன்வரலாம். வளர்ப்புக் குடும்பமே அந்தக் குழந்தையைத் தத்தெடுக்க முன்பு 5 வருடம் காத்திருக்க வேண்டும், இப்போது 2 வருடம்.

அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு 18 வயதுக்குப் பிறகான கதையைப் பேசுகிறது. இல்லத்திலிருந்து வெளியேறுபவர்கள் சமூகத்தில் காலூன்ற நிதியுதவி கொடுக்கலாம் என்கிறது. இதற்குப் பிற்காப்பு என்று பெயர். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கான தொகை மாதம் 4,000 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 48,000 ரூபாய். 18 முதல் 21 வரை மூன்று வருடமும் தடையில்லாமல் கிடைத்தால் மொத்தம் 1,44,000 ரூபாய். புனேயிலோ சென்னையிலோ நீங்கள் கொடுக்கும் மாத வாடகையை அந்த 4,000 பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021இல் வந்த பிஎம் கேர்ஸ் திட்டத்தில், அந்தக் குழந்தையின் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைக்கப்படுகிறது. 18 வயதிலிருந்து மாத உதவித்தொகை, 23 வயதில் முழுத்தொகையும் கைக்கு வரும். அதாவது 18க்கும் 23க்கும் நடுவில் ஒரு பாலம் தேவை என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் பெற்றோர் கொரோனாவில் இறந்திருக்க வேண்டும். வேறு காரணத்தால் அநாதையான குழந்தைக்கு அந்தப் பாலம் இல்லை. பசிக்கு மட்டும் காரணம் கேட்பதில்லை, பாருங்கள்.

மகாராஷ்டிராவில் 2018 முதல் கல்வியிலும் அரசு வேலையிலும் அநாதைகளுக்கு 1 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. நமக்கும் இதில் பழைய மரபு உண்டு. இளம் விதவைகளைச் சென்னை ஐஸ் ஹவுஸில் தங்கவைத்து ஆசிரியைகளாக்கிய சகோதரி சுப்புலட்சுமி, ஆதரவற்ற சிறுமிகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆகிய இருவரும் சாவித்திரிபாய் நடந்த பாதையில்தான், அவருக்குப் பின்னால், தங்கள் வழியில் நடந்தவர்கள்.

யஷ்வந்துக்குக் கிடைத்தது என்ன?

திட்டங்களின் பட்டியலையும் யஷ்வந்தின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். பணம் அதில் ஒரு பகுதிதான். பூலே வீட்டிலும் பணம் தீர்ந்துபோன நாட்கள் இருந்தன. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, அதை உறுதிப்படுத்தும் காகிதம் இருந்தது. முடியும் வரை நிற்காத படிப்பு இருந்தது. தன்னை மகன் என்று ஊர் நடுவில் நின்று சொன்ன ஒருவர் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை கிடைத்து வெளியே போன பிறகும் வா என்று கூப்பிட ஒரு வீடு இருந்தது.

18 வயதில் இல்லத்தை விட்டு வெளியே வரும் ஒருவருக்கு முதல் நான்கையும் ஓரளவுக்கு அரசு கொடுத்துவிட முடியும். ஐந்தாவதை எந்த அரசாணையாலும் கொடுக்க முடியாது. அதற்கு மனிதர்கள் வேண்டும்.

அதற்கு நீங்கள் யாரையும் தத்தெடுக்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. 18ஐ நெருங்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்க ஆள் தேவையா என்று அங்கே கேட்கலாம். உங்கள் அலுவலகத்தில் பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்கும்போது, இல்லத்தில் வளர்ந்த ஒருவருக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று எச்ஆரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். சுயவிவரம் எழுதுவது எப்படி, வங்கிக் கணக்கு திறப்பது எப்படி, சம்பளத்தில் பிடித்தம் ஏன் ஆகிறது என்பதெல்லாம் நமக்கு வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்தவை. அதைச் சொல்லித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் ஒரு ஞாயிறு போய்விட்டு அப்புறம் காணாமல் போய்விடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் ஏற்கனவே நிறையப் பேர் வந்து போவதைப் பார்த்தவர்கள்.

அடுத்த முறை புனே போனால், கஞ்ச் பேட்டில் இருக்கும் பூலே வாடாவுக்குப் போய்ப் பாருங்கள். ஸ்வார்கேட் பேருந்து நிலையத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. அமைதியான, சின்ன வளாகம். 1884 வரை அந்தக் குடும்பத்தின் இல்லத்துக்கு 35 பெண்கள் பயந்து பயந்து வந்தார்கள். 30 குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்காக சாவித்திரிபாய் கதவை மூடிவிடவில்லை. பிழைத்த ஐவரில் ஒருவன் டாக்டராகித் திரும்பி வந்தான்.